கையோடு வந்த சவுரி

மழலையர் பள்ளி ஆசிரியைக்குக் கழுத்தளவு முடிதான். இடுப்புவரை தொங்கவிட ஆசைப்பட்டு அக்காவோடு அழகு நிலையத்துக்குப் போனாள். ஒட்டுவது, தைப்பது, கிளிப் போடுவது என மூன்று வகைச் சவுரிகளை எடுத்துக் காட்டினார் அழகுக்கலைஞர்.

"தைச்சுக்கோடி, மாசக்கணக்கில நிக்கும்," என்றாள் அக்கா.

தங்கையின் வேலையைக் கேட்டதும் அழகுக்கலைஞர் பதறினார். "வாண்டுங்க இழுத்தா சொந்த முடியும் சேர்ந்து வந்துரும்மா. கிளிப்புன்னா நோகாம கழண்டுக்கும்."

கிளிப்பே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே ஒரு குட்டிப்பெண் எட்டி இழுக்க, ஒரு கொத்து கையோடு வந்தது. "டீச்சர் முடியைப் பிச்சுட்டேன்!" என்று வீறிட்டாள். ஆசிரியை சிரித்தபடி அதை மறுபடி மாட்டிக் காட்டினாள். அழுகை நின்றது; ஆனால் மொத்த வகுப்பும் இழுத்துப் பார்க்க வரிசைகட்டியது.

மதியம் அக்கா போனில் கேட்டாள்: "முடி எப்படிடி இருக்கு?"

"மெதுவாப் பேசு. ஆளுக்கொரு கொத்தைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குதுங்க."