பதினாலாம் எண் கோட்டு

1

"அந்தப் பதினாலாம் எண் கோட்டு எனக்கு வேணும். என் தம்பி ஒந்த்ரேயை அதுலதான் புதைக்கணும்."

இதை மட்டும் கேட்டுடாதே என்று வெரோனாவிடம் அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். சர்ச் அடித்தளத்துக்குள் நுழைந்ததும் அவள் அதைத்தான் கேட்டாள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஓஹையோ ஆற்றங்கரையில் எங்கள் உருக்காலை ஊர் நூலகத்தில் ஒரு புகைப்படம் தொங்குகிறது. 1931, சர்ச் பையன்கள் பேண்டு. பச்சைக் கோட்டும் சரிகையுமாக இருபத்துநாலு பேர். கீழே பையன்கள் பெயர் கிடையாது, கோட்டுகளின் எண்தான். அந்த எரிச்சலில் எழுத உட்கார்ந்தேன். ஆட்கள் எல்லாரும் என் கற்பனை.

2

முதலில் எழுதியது: 'அன்று மழை ஓர் இசையைப் போலப் பொழிந்து—'

அடித்துவிட்டேன். மே மாதத்துச் சளிபிடித்த மழை அது. போரில் செத்தவர்களுக்கான ஊர்வலம். தூறல் விழுந்ததும் பேண்ட் மாஸ்டர் ஹ்லாவ்கா விசில் ஊதினார். கோட்டைக் கழற்று என்று அர்த்தம். நனைந்தால் சாயம் போகும், சரிகை கறுக்கும். கோட்டுகள் மடிந்து தார்ப்பாய் வண்டிக்குள் போயின. பையன்கள் வெறும் சட்டையோடு கல்லறை வரை இரண்டு மைல் வாசித்துக்கொண்டே நடந்தார்கள். ஊர் கைதட்டியது. [வெரோனாவும் தட்டினாள். இதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தக் கோட்டுகளுக்காகப் பெண்கள் இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் மாவு தேய்த்து, உருளைக்கிழங்கு வைத்து பிரோஹி மடித்து விற்றார்கள். ஆலையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை இருந்த காலம். அவர்களைத் திட்டுவதற்குமுன் இதையும் சொல்லியாக வேண்டும்.)

ஒன்பதாம் நாள் ஒந்த்ரே நிமோனியாவில் செத்தான். பதிமூன்று வயது. கிளாரினெட்.

3

ஹ்லாவ்காவை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அழுது அழுது அவருக்குக் கண் வீங்கியிருக்கிறது.

"கோட்டு யாரோடதும் இல்லம்மா. பேண்டோடது."

"அப்போ அவன் சாவு யாரோடது மாஸ்டர்?"

உடுப்புக் கமிட்டி சபோல் அம்மாள் கோட்டுகளுக்குப் பிரஷ் போடுவதை நிறுத்தினாள். "வாயப் பாரு! ஏண்டி, நீயும்தானே எங்களோட உக்காந்து பிரோஹி மடிச்ச? மண்ணுல போடவா மடிச்ச?"

"உங்க கோட்டை மாதிரி என் தம்பியையும் தார்ப்பாய்க்குள்ள வெச்சிருக்கலாம்ல?"

சபோல் அம்மாள் மறுபடி பிரஷ் போட ஆரம்பித்தாள்.

ஹ்லாவ்கா குறுக்கே வந்தார். "வீட்டுல கிடத்தியிருக்கிற வரைக்கும் போட்டுவிடு. ஊர் பாக்கட்டும். பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி கழட்டிடணும். அடுத்த ஞாயிறு பிஷப் வர்றார், வரிசையில ஓட்டை விழக்கூடாது."

"யாரு கழட்டுவா?"

"நீதான். கிழியாம கழட்ட உனக்குத்தான் தெரியும்." பையன்கள் வளர வளர அத்தனை கோட்டையும் பிரித்துத் தைப்பவள் வெரோனா. "அப்புறம்... புதுப் பையன் கொஞ்சம் குட்டை. கையைக் குறைச்சுக் குடுத்துடு."

"விறைச்ச கையிலேர்ந்து உருவி?"

அவர் கோட்டை எடுத்து நீட்டினார்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கோட்டைக் கத்தரித்து மேசையில் எறிகிறாள். எனக்கு ஆசைதான். அவள் தைத்ததை அவளே வெட்ட மாட்டாள்.

(ஆ) போங்கடா நீங்களும் உங்க கோட்டும் என்று அவனைச் சட்டையோடே புதைக்கிறாள். ஊருக்கு ரொம்ப வசதி.

(இ) ஹ்லாவ்கா மனம் மாறி— வேண்டாம். இவ்வளவு படித்தது இதை எழுதவா?

இதற்குள் வெரோனா "சரி மாஸ்டர்" என்றுவிட்டாள். நான் எழுதிக்கொடுத்த பேச்சில்லை அது. கோட்டை வாங்கினாள். டிரம் வார் தைக்கிற மெழுகு நூல்கண்டையும் கொக்கி ஊசியையும் எடுத்தாள்.

"அது எதுக்குடி?" என்றாள் சபோல் அம்மாள்.

"பட்டன் ஆடுது."

எந்தப் பட்டனும் ஆடவில்லை.

கோட்டை அவன் சட்டையோடும் பெட்டியின் உள்துணியோடும் சேர்த்துத் தைக்கப்போகிறாள். இழுத்தாலும் வராது. மூடும் நேரத்தில் ஹ்லாவ்கா கத்தி கேட்பாரா, அப்படியே மூடி ஆணி அடிக்கச் சொல்வாரா? எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். அந்த வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். கத்தி கேட்டால் எடுத்துக் கொடுப்பீர்களா?

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வெளியே போய்விட்டாள்.