வேர் எட்டாத மண்

பழைய டீசல் கிடங்கு இருந்த இடத்தில் குழந்தைகள் பூங்கா வரப்போகிறது. எண்ணெய் ஊறிய மண்ணைத் தேற்ற வரிசை வரிசையாகப் புல் வளர்த்திருந்தார்கள். புல்லின் வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றுவிடும். வேர் எட்டாத மண்ணில் அந்த வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும்.

மண் பரிசோதனை செய்யும் அவளுக்கு இது தெரியும். பூங்கா வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரருக்கும் தெரியும். அவர் அவளுடைய அக்காள் கணவர். அவர் அனுப்பிய மாதிரிப் பைகளைப் பிரித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றிலும் வேரிலிருந்து உதறிய மண். நேரே பூங்கா வரும் இடத்துக்குப் போனாள்.

"அத்தான், வரிசைக்கு நடுவுல ஏன் தோண்டல?"

"எங்க தோண்டினா என்ன, மண்ணு மண்ணுதானே? சுத்தம்னு எழுதிக் கொடும்மா. சொந்தக்காரின்னு இந்த உதவிகூடக் கிடையாதா?"

"சொந்தக்காரிங்கறதாலதான் இன்னும் மரியாதையா பேசிட்டிருக்கேன்."

மண்வெட்டியை எடுத்து இரண்டு வரிசைகளுக்கு நடுவே வெட்டினாள். கருத்த கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. அதை அவருடைய காரின் முன் இருக்கையில் வைத்தாள்.

"ஏறுங்க. கண்ணாடியை இறக்காம வீடு வரைக்கும் போங்க பாப்போம்."

"விளையாடறியா? நாத்தத்துல தலை வெடிச்சிடும்."

"உங்க பொண்ணுக்கு வெடிக்காதா? முதல் ஊஞ்சல் அவளுக்குத்தான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே!"

அவர் ஏறவில்லை. வேலையாட்களைக் கூப்பிட்டார்.

"நடுவுல தோண்டுங்கப்பா."

"எங்கன்னு நான் காட்டறேன்" என்று அவள் முன்னால் நடந்தாள்.