ஞாயிறு என்று அச்சான சனிக்கிழமை

பெக்கம் ஸ்பிரிங்ஸில் எந்த வாரம் என்ன நடக்கிறது என்பதை இருபத்திரண்டு வருடமாக வெர்லீன் ஹட்டோதான் ஊருக்குச் சொல்லி வந்தாள். வாரப் பத்திரிகையின் மூன்றாம் பக்கம் அவளுடையது. சர்ச்சில் மீன் வறுவல் விருந்து, தீயணைப்புப் படையின் பார்பிக்யூ, அசேலியா பூக்கும்போது பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுவது, எதுவானாலும் அவள் எழுதினால்தான் கூட்டம் சேரும்.

போன செப்டம்பரில் நகராட்சி, சுற்றுலாவைக் கவனிக்க டாப்னி சேயர் என்ற பெண்ணை வேலைக்கு வைத்தது. முப்பது வயதுகூட இருக்காது. ஊர் நீரூற்றுப் பக்கம் அவள் எடுத்து இணையத்தில் போட்ட ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பெரிய நகரமான பர்மிங்காமிலிருந்து கார் காராக வந்து இறங்கினார்கள். சலூனிலும் மளிகைக் கடையிலும் டாப்னி பேச்சுதான். வெர்லீனுக்கு வயிறு எரிந்தது.

ஏப்ரலில் டாப்னி புதிதாக ஒன்று ஏற்பாடு செய்தாள். செஸ்ட்நட் தெருவில் பத்து வீடுகள், ஒவ்வொரு வீட்டு வராந்தாவிலும் ஒருவர் பாட்டோ வாத்தியமோ. வெர்லீனும் அந்தத் தெருதான். பட்டியல் அவள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் முடிந்துவிட்டது.

பத்திரிகைக்கு வந்த அறிவிப்பில் சனிக்கிழமை மாலை நான்கு மணி என்றிருந்தது. வெர்லீன் ஞாயிறு என்று தட்டினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். திருத்தக் கை போனது, திருத்தாமலே அனுப்பிவிட்டாள்.

ஆனால் சனிக்கிழமை தெரு நிரம்பி வழிந்தது. எல்லாம் டாப்னி போட்டதைப் போனில் பார்த்துவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வெர்லீன் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் நான்கு மணிக்குப் பத்திரிகையை நம்பிய உள்ளூர்க்காரர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள், முப்பது பேர் இருக்கும். நாற்பது மைல் தள்ளியிருந்து, அண்ணனிடம் சொல்லாமலே, சக்கர நாற்காலியோடு காரில் யூடோராவும் வந்திருந்தாள். முந்தின நாள் முதல் வீட்டில் ஃபிடில் வாசித்த, ஓய்வுபெற்ற தபால்காரர் ஹாலிஸின் தங்கை.

"எங்க அண்ணன் எந்த வீட்ல வாசிக்கிறாரு?" என்று தன் வீட்டு வேலியோரம் நின்ற வெர்லீனைக் கேட்டாள்.

"நேத்தே முடிஞ்சிருச்சு யூடோரா. பேப்பர்ல நாந்தான் தப்பாப் போட்டேன்."

"தெரியாமத்தானே போட்ட?"

வெர்லீன் வேலியை விட்டுத் திரும்பினாள். உள்ளே போய் ஹாலிஸுக்குப் போன் செய்தாள். கால் மணி நேரத்தில் அவர் ஃபிடிலோடு வந்து வெர்லீன் வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து வாசித்தார். யூடோரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

சேதி கேட்டு டாப்னியும் வந்து கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்றாள். வெர்லீன் அவளிடம் போனாள்.

"வேணும்னுதான் மாத்தினேன்."

"தெரியும், மிஸ் வெர்லீன். நான் அனுப்புனதை ரெண்டு தடவ எடுத்துப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல?" டாப்னி சிரிக்கவில்லை. "வந்து ஏழு மாசமாச்சு, ஒரு வீட்ல சாப்பிடக் கூப்பிட்டதில்ல. என்னைப் பத்திப் பேசுவாங்க, எங்கிட்ட பேச மாட்டாங்க. நீங்க தபாலாபீஸ் வரைக்கும் போறதுக்குள்ள பத்துப் பேர் நிறுத்திப் பேசறாங்க. உங்களப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும்."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி புழுங்குவாள் என்று வெர்லீன் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க முடியவில்லை.

அடுத்த இதழில், தேதியை மாற்றியது தான்தான் என்று பெயர் போட்டு எழுதினாள். அந்த ஞாயிறு டாப்னியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவ்வப்போது அங்கே சாப்பிட வரும் ஹாலிஸும் வந்திருந்தார். கோழி வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிய டாப்னி, அவரை விடாமல் சிரிக்க வைத்தாள். இத்தனை வருடத்தில் தன் மேசையில் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை என்று எண்ணியபடி வெர்லீன் குழம்பை எடுத்து வந்தாள்.