மூடாத வட்டம்

ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று தெரிந்ததும் டெய்லரக்கா தையல் மிஷினை அப்படியே விட்டு எழுந்தாள். குழாயடிச் சண்டைக்கு மட்டுமே ஒன்றுகூடும் தெரு, அவள் ஒரு குரல் கொடுத்ததும் கயிறும் காற்றடித்த டியூபுமாக வந்து நின்றது. போன வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் கூப்பிட்டால் யாருக்குத்தான் மறுக்க வாய் வரும்? "மாமாவை யாராவது ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க" என்று படுக்கையோடு கிடந்த மாமனாரைக் காட்டிப் பொதுவாகச் சொல்லிவிட்டு அவள் முன்னே நடந்தாள்.

அவள் புருஷன் போர்டு எழுதும் பெயிண்டர். போன வெள்ளத்தில் இந்தத் தெருவாட்களைத் தொண்டர் படையாகச் சேர்த்ததும் அவன்தான், அதற்கு ஒரே ஒரு சட்டம் போட்டதும் அவன்தான். உள்ளே ஆள் இருந்தால் கதவில் சாக்பீஸால் வட்டம். ஆளை வெளியே கொண்டுவந்ததும் அதன்மேல் குறுக்குக் கோடு. அவன் மட்டும் வட்டத்தை மூடமாட்டான். "உள்ள இருக்கறவங்க வெளிய வர வழி வேணாமா?" என்று கேலி பேசுவான். அப்படி ஒரு வீட்டுக்குள் போனவன்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

பள்ளத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். முதல் வீடு பூட்டியிருந்தது. பூட்டுக்கு மேலே ஒரு வட்டம், உச்சியில் ஒரு விரல் இடைவெளி. அந்தக் கொட்டுகிற மழையிலும் அது காய்ந்துபோய்ப் பளிச்சென்று இருந்தது.

"யாருப்பா போட்டது?" என்றார் பால்காரர். மெக்கானிக் பேய்முழி முழித்தான்.

பூட்டை உடைத்தால், பரண்மேல் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவள் தூங்கட்டும் என்று வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான் அவளைக் கட்டிய மகராசன்.

அடுத்த சந்திலும் அதே வட்டம். அதற்கடுத்த சந்திலும். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தது. மற்றவர்கள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் ஒட்டியே நடந்தார்கள். டெய்லரக்காவுக்கும் பயம்தான், ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. ஒவ்வொரு முனையையும் அவள் அவசர அவசரமாகத் திரும்பினாள், அவன் முதுகையாவது பார்த்துவிடலாம் என்று.

அதற்குள் தண்ணீர் அவர்கள் தெருவுக்கும் ஏறியிருந்தது; கடைசி வட்டம் அவள் வீட்டுக் கதவிலேயே இருந்தது.

"மாமாவை நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க?"

"நானா?" பால்காரர் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா வீடாச்சே, முதல்லயே யாராவது பார்த்திருப்பாங்கன்னு..."

மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்திருந்தான். எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

உள்ளே கட்டில் மிதந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக அந்தக் கட்டிலைவிட்டு எழாத மாமனார், துணி வெட்டும் மேஜைமேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டிருந்தது. பால்காரர் அவரைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தார்.

டெய்லரக்கா பழக்கத்தில் இடுப்பிலிருந்த தையல் சாக்பீஸை எடுத்துக் கதவருகே கையை உயர்த்தினாள்.

"கோடு போட்டுடாதேம்மா" என்றார் மாமனார். "என்னைத் தூக்கி வச்சவன் இன்னும் உள்ளதான் நிக்கறான்."

அவள் இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள். "வட்டத்தைத் திறந்துதானே வச்சிருக்கீங்க? வெளிய வாங்க."

தண்ணீர் வட்டத்தைத் தொடும்வரை நின்றாள். பிறகு மெக்கானிக் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அந்தக் கதவில் மட்டும் அவள் கோடு போடவில்லை.