ஞானையா சாரின் இங்கிலீஷ் காது

நாசரேத்துக்காரர் இங்கிலீஷ் என்றால் தூத்துக்குடியில் மரியாதை உண்டு. ஞானையா சாரின் இங்கிலீஷ் என்றால் பயமே உண்டு. முப்பத்தோரு வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார். பஜாரில் எவனாவது தந்தியோ கப்பல் கம்பெனிக் கடுதாசியோ கொண்டுவந்து நீட்டினால், சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலில் அதிலுள்ள பிழைகளைச் சொல்லுவார். விஷயத்தை அப்புறம்தான் சொல்லுவார். தகப்பன் செத்த தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கி நின்ற உப்பளத்து மேஸ்திரியிடம், "ஃபாதர் எக்ஸ்பயர்டுன்னு போட்டிருக்கான். நடுவுல 'ஹேஸ்' எங்கவே?" என்று கேட்ட மனிதர்.

"நான் பேசுறதைக் கேட்டா வெள்ளைக்காரனே நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வந்து உக்காருவான்" என்பது அவர் ஊருக்குச் சொல்லி வைத்திருந்த வாக்கு. எந்த வெள்ளைக்காரன் கேட்டான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சங்கடம். சார் கடைசியாக ஒரு வெள்ளைக்காரரோடு பேசியது பத்து வயதில், சொந்த ஊரான நாசரேத்தில், மிஷனரி துரைக்குச் சொன்ன "குட் மார்னிங் சார்." துரை தலையைத் தடவிவிட்டுப் போனார். அதுதான் கைமுதல். மிச்சமெல்லாம் ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி கேட்டு, கண்ணை மூடித் தலையாட்டிச் சேர்த்தது.

எழுபத்தாறாம் வருஷம் மார்ச்சில் நிஜமாகவே ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். பெயர் டோரன்ஸ். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊர். அங்குள்ள வாத்தியார் சங்கம் ஒன்று, தூத்துக்குடி வாத்தியார்களுக்கு மூன்று மாதம் இங்கிலீஷ் பேசப் பழக்க அவரை அனுப்பியிருந்தது. போகும்போது இந்த ஊரிலிருந்து ஒரு வாத்தியாரை அவர் தேர்ந்தெடுப்பார். அந்த ஒருவர் கிளாஸ்கோ போய்ப் படித்துவிட்டு வரலாம், சங்கத்தின் செலவில். ஒரே ஒரு இடம். சாருக்கு ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தது. சீமை மண்ணை ஒரு தரம் மிதித்துவிட வேண்டும் என்று பிள்ளைப் பருவத்திலிருந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறவர். இந்தத் தடவை விட்டால் கிடையாது.

ரயிலடியில் வரவேற்பு. துரைக்கு முப்பது வயதிருக்கும், செம்பட்டை முடி, வெயிலில் அவித்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார். சார் மூன்று பக்க வரவேற்புரையை மூச்சு விடாமல் வாசித்தார். துரை குனிந்து அவர் காதருகே என்னமோ சொன்னார்.

சாருக்குப் புரியவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை புரிய வேண்டுமே! கிளாஸ்கோக்காரன் இங்கிலீஷை லண்டன்காரனே இரண்டு தரம் கேட்டு வாங்குவான் என்று சாருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"தொரை என்ன சொல்லுதாவ?" என்றார் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் வேதமணி.

சார் தொண்டையைச் செருமினார். "இவ்வளவு பூவையும் இவ்வளவு அன்பையும் என் பெறந்த ஊர்லகூட நான் கண்டதில்லைங்காவ."

ஒரே கைதட்டல். இன்னும் இரண்டு மாலை வந்தது, மூன்று பேர் பேசினார்கள். பாவம், துரை கேட்டது கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று. மாலைகளுக்குள் காலைப் பின்னிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சாருடையது மூன்று மாதம் ஓடியது. துரைக்கு மொழிபெயர்ப்பாளர் என்று அவரையே போட்டுவிட்டார்கள். அவரும் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். துரையின் முகம் மலர்ந்தால், "யெஸ், யெஸ், வெரி ட்ரூ." முகம் வாடினால், "வாட் டு டூ சார், காட்ஸ் வில்." தமிழில் சொல்ல வேண்டியதை அந்தந்த இடத்துக்குத் தக்கபடி சொந்தமாக அவிழ்த்துவிடுவார். சாப்பாட்டுக் கடையில் துரை காரத்தைக் குறைக்கச் சொன்னார். சார் அண்ணாச்சியிடம், "காரம் பத்தலைங்காவ" என்றார். அன்றைக்கு மீன் குழம்பைத் தின்றுவிட்டுத் துரை கண்ணீர் விட்டதை, "நம்ம சமையல் அவியள உருக்கிட்டுவே" என்று ஊருக்குச் சொன்னதும் சார்தான்.

கத்தரி வெயில் பிறந்தது. துரை காலையில் வகுப்பெடுப்பார். மத்தியானமானால் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு, முதுகெல்லாம் வேர்க்குருவோடு, நுங்குத் தண்ணீரைத் தடவிக்கொண்டு முனகுவார். சாயங்காலம் கடற்கரைக்கு ஓடிவிடுவார். அங்கே சங்கு குளிக்கிறவர்கள் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாயிலிருந்து நாலு வார்த்தை தமிழும் பொறுக்கிக்கொண்டிருந்தார். "சகவாசம் சரியில்லை" என்று சார் வீட்டில் வந்து வருத்தப்பட்டார்.

சீமைக்குப் போக சாரைத் தவிர ஆளே இல்லை என்பது ஊர் முடிவு. போட்டி என்று சொன்னால் ஒரே ஒருத்தி, விக்டோரியா. புன்னைக்காயல் பிள்ளை, இருபத்தாறு வயது, டவுனில் பெண்கள் பள்ளியில் டீச்சர். தகப்பன் இஞ்ஞாசி வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். "டென்ஸ் தெரியாது, ஆர்ட்டிக்கிள் தெரியாது, அதுக்குச் சீமை கேக்குதாக்கும்" என்பது சாரின் மதிப்பீடு.

சாரின் மனைவி அற்புதமணி கம்பளித் துணி வாங்கிக் கோட்டே தைக்கக் கொடுத்துவிட்டாள். மே மாதத்து வெயிலில், தையல்காரர் முன்னால் சார் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற கோலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வேர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும், "இவிய சீமைக்குப் போயிட்டா நான் ஒத்தையிலல்லா கெடக்கணும்" என்று பத்துப் பேரிடம் சொல்லி அழுவாள். அழுகையில் பாதி பெருமை.

மே கடைசியில் ஒரு சாயங்காலம் துரை சாரைக் கடற்கரைக்குக் கூப்பிட்டார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இன்றைக்குத்தான் கேட்கப்போகிறார் என்று சாருக்குத் தெரிந்துவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டார். துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சூரியனைக் காட்டி என்னமோ சொன்னார். வெயிலைத்தான் சொல்லுகிறார் என்று சார் தலையாட்டினார். பிறகு துரை அவர் தோளில் கை போட்டு, ஒரு கேள்வி கேட்டார். மடமடவென்று உருண்ட அந்தக் கேள்வியில் சாருக்கு அகப்பட்டவை மூன்று சொல். யூ. ஃபேன்சி. பியர்.

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பியர் குடிக்க ஆசையா என்றா! ஊரெல்லாம் மதுவிலக்கு. வெள்ளைக்காரனுக்குப் பெர்மிட் உண்டு என்பது தெரியும். அதற்காக நாசரேத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளி நடத்துகிறவனைப் பார்த்தா கேட்பது? அடுத்த கணமே இன்னொன்று தோன்றியது. இது பரீட்சை! ஆளின் ஒழுக்கத்தை எடை போட்டுப் பார்க்கிறான். அப்படியா சேதி என்று சார் எழுந்து நின்றார். ரேடியோக்காரன் தோற்றுப்போகும் இங்கிலீஷில் முழங்கினார்:

"ஒருக்காலும் இல்லை ஐயா! என் மனச்சாட்சி இடம் தராது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒருவரும் இந்தக் காரியம் செய்ததில்லை. என் மனைவி கேள்விப்பட்டால் உயிரை விட்டுவிடுவாள்!"

துரை அசந்துபோனார். ஒரு விரலைக் காட்டி, "ஒன்?" என்று கெஞ்சினார். "ஜஸ்ட் ஒன்?"

"ஒன்றுகூட வேண்டாம்!"

துரை பெருமூச்சு விட்டார். மறுபடியும் ஒரு கேள்வி கேட்டார். அதில் விக்டோரியா என்ற பெயர் சாரின் காதில் விழுந்தது. ஓ, அவளுக்கும் ஊற்றிக் கொடுக்கலாமா என்று கேட்கிறானா? சாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பரீட்சையில் தான் தேறியாயிற்று. இனி அவள் தவற வேண்டியதுதான் பாக்கி.

"தாராளமாக அவளிடம் கேளுங்கள் ஐயா! மறுக்கவே மாட்டாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். அவர்கள் குடும்பத்துக்கே இது பழக்கம்தான்!"

துரை சாரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். கண்கூடக் கலங்கியிருந்தது. சார் வீட்டுக்கு வந்து, "ஏளா, பெட்டியத் தூசி தட்டி எடு. சோலி முடிஞ்சுது" என்றார்.

முடிந்துதான் போயிருந்தது.

ஜூன் இரண்டாம் வாரம், பள்ளி மண்டபத்தில் பிரிவுபசாரம். சார் மொழிபெயர்க்க வசதியாகத் துரையின் பக்கத்து நாற்காலி. முன்வரிசையில் அற்புதமணி, பட்டுச்சேலையில். துரை எழுந்தார். சாரும் கூடவே எழுந்தார். துரை அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சங்கு குளிக்கிறவர்கள் பத்து நாளாகச் சொல்லிக்கொடுத்துப் பழக்கிய தமிழ்ப் பேச்சு அது.

"ஏலே மக்கா!" என்று ஆரம்பித்தார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கரஸ்பாண்டன்ட் நெளிந்தார். துரை ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து உடைத்துப் படித்தார்.

"மொதல்ல ஞானையா சாரைத்தான் கேட்டேன். எங்க ஊர்ல வந்து ஒரு வருசம் இருக்கியளான்னு கேட்டேன். மாட்டேன்னுட்டாவ. பொஞ்சாதி உசிர விட்டுருவான்னு சொன்னாவ. ஒரு வருசந்தானன்னு கெஞ்சினேன். முடியாதுன்னுட்டாவ. விக்டோரியா டீச்சரக் கேளுங்க, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிடுவா, நல்ல குடும்பம்னு அவியதான் சொன்னாவ. ஞானையா சார் பெரிய மனுசன்வே. விக்டோரியா டீச்சர் எங்க ஊருக்கு வாராவ."

ஒரு வருஷம். இயர்! பியர் அல்ல, இயர். கடற்கரையில் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் சாரின் காதில் இங்கிலீஷாக வந்து விழுந்தது. ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் போதும். துரை இங்கேதான் நிற்கிறார், டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இரண்டே வார்த்தை. ஆனால் இந்த ஊர் முன்னால், முப்பத்தோரு வருஷத்து மாணவர்கள் முன்னால், அந்த இரண்டு வார்த்தையை எந்த வாயால் சொல்ல? தவளை தன் வாயால் கெட்டது சரி; வாயை மூடிக்கொண்டும் கெட்ட தவளையை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

கைதட்டல் நிற்கவே இல்லை. வேதமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேர்வாகிறவருக்கென்று வைத்திருந்த மாலையை எடுத்துச் சாருக்கே போட்டார். "தியாகம்னா இதுல்லா தியாகம்! தனக்கு வந்ததைத் தூக்கி ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துட்டாவ" என்றார். சாரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. உணர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று அதற்கும் கை தட்டினார்கள்.

கீழே இறங்கியதும் அற்புதமணி ஓடிவந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியளா? எனக்காவண்டியா சீமைய விட்டிய?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "இருவத்தேழு வருசமா ஒரு நல்ல வார்த்தை சொல்லலியேன்னு ஒங்கள எத்தன தடவ மனசுக்குள்ள ஏசியிருக்கேன். ஆண்டவர் என்னய மன்னிக்கட்டும்."

சார் அவள் முகத்தைப் பார்த்தார். கம்பளிக் கோட்டை நினைத்தார்.

அப்போது விக்டோரியா வந்தாள். அவளுக்கும் அழுகை. சாரின் காலைத் தொடக் குனிந்தவளை அற்புதமணி தூக்கி நிறுத்தினாள்.

"ஒங்க பேரச் சொல்லித்தான் சார் என்னைக் கேட்டாவ, இன்னைக்கு வரைக்கும் யார்ட்டயும் சொல்லாதன்னாவ" என்றாள் விக்டோரியா. "ஆனா சத்தியமா, அவிய பேசுறது எனக்கு ஒண்ணுமே புரியல. மூணு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னேன். அப்பவும் புரியல. வெக்கத்த விட்டு, பேப்பர்ல எழுதிக் காட்டுங்க சார்னுட்டேன். எழுதினாவ, அப்பறந்தான் வெளங்குச்சு. நீங்க மட்டும் எப்படி சார் கேட்ட ஒடனே புரிஞ்சுக்கிட்டிய?"

சார் வாயைத் திறப்பதற்குள் அற்புதமணி முந்திக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அவியளுக்கு என்ன ஏளா! வெள்ளைக்காரன் வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே அவியளுக்குப் புரிஞ்சிரும்."

ஞானையா சார் ஆமாம் என்று தலையாட்டினார்.