ஐந்தாவது தட்டு

அடுத்த வீட்டில் என்ன வேகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. வெல்டர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். குற்றம் சுவர்மேல்தான்.

வெல்டரின் மனைவிக்கு எங்கள் சந்தில் ‘மந்திரக்காரி’ என்று பெயர். சனிக்கிழமை வருகிற பணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் புதன்கிழமைக்கே கையைப் பிசைவோம். அவள் அடுப்பிலோ அடுத்த சனி வரைக்கும் வெங்காயம் வதங்கும். காய்க்கடைக்காரன் சாக்கை மடிக்கிற நேரமாகப் பார்த்துப் போவாள். முட்டைக்கோஸின் மேல் இலைகள் சும்மாவே கிடைக்கும். ஓடு கீறிய முட்டை, நொய்யரிசி, கறிக்கடையில் கழித்த எலும்பு. இதை வைத்தே புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் ஏப்பம் விட வைத்துவிடுவாள். பிள்ளைகளுக்குக் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. அவளுக்கு வளையல் முழங்கைக்கு ஏறிக்கொண்டு வந்தது.

“நீ எப்பத்தான்டி சாப்பிடுவே?” என்று ஒருநாள் துருவினேன்.

“உப்பு பாக்கறதுலயே வயிறு நெறஞ்சிடும்க்கா.”

நான்கு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். ஐந்தாவது அலமாரி உச்சியில், தூசியோடு. என் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள்.

“அவருக்குக் கூலி ஏறட்டும். அதையும் எறக்கிடலாம்.”

கூலி ஏற வெல்டர் கண்டுபிடித்த வழி, பட்டறை முதலாளியை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவது. வயிறு குளிர்ந்தால் மனசும் குளிருமாம், அப்போது கேட்டுவிடலாமாம். உட்கார நாற்காலி என் வீட்டிலிருந்து போனது. நாற்காலியோடு நானும் போனேன். பரிமாற ஒரு கை வேண்டாமா?

ஐந்தாவது தட்டைத் துடைத்து முதலாளிக்கு வைத்தாள். மனுஷன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். எலும்பு உறிஞ்சிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“என்னய்யா, எனக்காகக் கடன கிடன வாங்கிட்டியா?”

‘கஷ்டம்தாங்க’ என்று வெல்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். பெருமை விட்டால்தானே!

“கடனா? அந்த எலும்பு, கடைக்காரன் நாய்க்குப் போடறது மொதலாளி! இந்தக் கீரை மாதிரி இருக்கே, அது மாட்டுக்குப் போற எலை. நீங்க குடுக்கற கூலில இவ மிச்சமே புடிப்பா!”

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. உள்ளே கரண்டிச் சத்தமும் நின்றது. பிறகு அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அடேங்கப்பா! கூலியக் கூட்டிக் கேக்கத்தான் கூப்பிட்டியோன்னு பயந்துட்டேன்யா. இப்படி ஒருத்தி இருக்கறப்ப ஒனக்கு எதுக்கு?” கை கழுவிக்கொண்டே உள்பக்கம் குரல் கொடுத்தார். “தங்கச்சி, இனிமே ஞாயித்துக்கெழமன்னா எனக்கு இங்கதான் சாப்பாடு!”

வெல்டர் பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினான்.

அவர் வண்டி கிளம்பியதும் அடுக்களைக்குப் போனேன். “நாற்காலிய எடுத்துக்கவாடி?”

“இருக்கட்டும்க்கா. வாராவாரம் தூக்கிக்கிட்டு அலையணுமா?”

பானையைச் சாய்த்துக் கரண்டியால் சுரண்டினாள். உப்பு பார்க்கக்கூட ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.