ஆயிரத்து இருநூற்று நான்கில் நின்ற புல்லட்

இதனால் குமரி மாவட்டத்தின் மலையோர, வயலோர, கடலோரப் பொதுமக்கள் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு ஜனவரி பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நாகர்கோவிலிலிருந்து ஏழு மோட்டார் சைக்கிள்கள் தக்க வழிகாட்டியுடன் புறப்பட்டு, அன்று சாயங்காலம் கன்னியாகுமரி போய்ச் சேரும். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே இருபது கிலோமீட்டர்தானே என்று யாரும் குறுக்கே பேச வேண்டாம். போய்ச் சேருவது நோக்கம் அல்ல. பயணமே நோக்கம்.

நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருந்தது. பூதப்பாண்டி டீக்கடையில் அதை மூன்று தடவை வாசித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர் கோலப்பன். கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். வயது நாற்பத்தெட்டு. சொந்தமாக அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள். ஆனால் அவர் பொறுப்பில் ஒரு புல்லட் இருந்தது.

புல்லட்டின் உரிமையாளர் அவருடைய மைத்துனன் ராஜகுமார். கத்தாரில் ஏசி மெக்கானிக். போன லீவில் வந்தபோது புதிதாக வாங்கி, நாற்பது நாள் ஓட்டி, திரும்பிப் போகும்போது அக்காள் வீட்டு ஷெட்டில் நிறுத்தி, இரண்டு போர்வையும் ஒரு தார்ப்பாயும் போர்த்தி, சாவியை அத்தான் கையில் கொடுத்தான். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. விமானம் ஏறுவதற்கு முன் கிலோமீட்டர் மீட்டரை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். 1204.

அந்தச் சாவி வந்த பிறகுதான் கோலப்பனுக்கு வீட்டில் ஒரு இடம் கிடைத்தது. மகளின் காலேஜ், மேற்கூரை ஓடு, தீபாவளித் துணி எதிலும் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. சாவியை மட்டும் கேட்டார்கள். குறிப்பாக, திங்கள்நகரில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் சகலை சத்தியராஜ், வரும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கி சீட்டைத் தடவிவிட்டுச் சொல்வார்:

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணே இந்த வெப்ராளம்? சாவி எங்கிட்ட இருந்தா நான் பாத்துக்கிட மாட்டனா?"

கோலப்பன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

இனி விஷயம் எளிது. வண்டியை அவர் வெளியே எடுத்தது தெரிந்தால் சாவி திங்கள்நகருக்குப் போய்விடும். எடுக்காமல் இருக்கவும் முடியாது, நோட்டீஸ் பையில் இருக்கிறது. ஆகவே அவர் திட்டம் போட்டார். மனைவி முத்துக்கனியிடம், "புல்லட்ட நாகர்கோவில்ல சர்வீஸுக்கு விடணும்" என்றார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு சர்வீஸு?"

"ஓடாததுனாலதான்."

முத்துக்கனி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, வடசேரியிலிருந்து ஒரு மெக்கானிக்கை ஷெட்டுக்கே வரவழைத்து, முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிடச் சொன்னார். இனி வண்டி காஷ்மீர் போனாலும் மீட்டர் 1204-ஐ விட்டு நகராது. மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். 'இவனும் நம்பத் தகுந்தவன் அல்ல' என்று கோலப்பன் குறித்துக்கொண்டார்.

நாகர்கோவிலில் படிவம் கொடுத்தார்கள். பெயர், ரத்த வகை, எத்தனை வருட அனுபவம், செத்தால் கம்பெனி பொறுப்பல்ல. படிவம் நிரப்புவது கோலப்பனின் தொழில். அனுபவம் என்ற கட்டத்தில் இருபது வருடம் என்று எழுதினார், சைக்கிளையும் சேர்த்து. கடைசிக் கட்டத்தையும் வழக்கம்போல் நிரப்பி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மற்றவர்கள் ரத்த வகையைக் கேட்டு வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வழிகாட்டியின் பெயர் ஜெஃப்ரின். பெங்களூரில் ஒரு வருடம் வேலை பார்த்து, அதைப் பற்றி ஏழு வருடம் பேசும் தகுதி பெற்றவன். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் கட்டியிருந்தான். இனி எதிர்பார்க்க வேண்டியவை என்னென்ன என்று இருபது நிமிடம் விளக்கினான். தலைவன் முன்னால் போவான். யாரும் அவனை முந்தக் கூடாது. ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறிப் போக வேண்டும். குழி வந்தால் தலைவன் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவான். பின்னால் உள்ளவர்களும் அப்படியே காட்ட வேண்டும்.

"கடேசி வண்டி சிலுவைதாசன் அண்ணன். ஆரு பைய வந்தாலும் அண்ணன் அவியளுக்குப் பொறத்த வருவாரு. அண்ணனத் தாண்டிப் பொறத்த ஆரும் போவப்பிடாது."

சிலுவைதாசன் ஓரமாக நின்றிருந்தார். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். வள்ளத்து மோட்டார் ரிப்பேர் பார்த்தவர். கறுப்புக் கண்ணாடி. சிரிப்பு கிடையாது. ஒவ்வொரு வண்டியாகப் போய் நம்பர் பிளேட்டையும் மீட்டரையும் ஓட்டுகிறவர் முகத்தையும் செல்போனில் படம் எடுத்தார். புல்லட்டின் மீட்டரை மட்டும் இரண்டு தடவை எடுத்தார்.

கோலப்பன் அதைக் கவனித்தார்.

புறப்பட்டார்கள். முதல் நிறுத்தம், நோட்டீஸில் 'புராதனக் கோயில்' என்று மட்டும் போட்டிருந்த இடம், கோலப்பனின் சொந்த ஊராக இருந்தது. பூதப்பாண்டியில் அத்தனை பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தார்கள். கோலப்பன் கழற்றவில்லை. முகக் கண்ணாடியை இரண்டு அங்குலம் தூக்கி, அந்த இடைவெளி வழியாக டீ குடித்தார். தினமும் அவருக்கு டீ கொடுக்கிற கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே கேட்டார்: "சீனி கொறச்சுத்தானே கோலப்பண்ணே?"

அதையும் சிலுவைதாசன் படம் எடுத்தார். பிறகு போனில் எதையோ தட்டினார். யாருக்கோ போனது.

சுருளோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் கோலப்பன் இதைச் சோதித்துவிடத் தீர்மானித்தார். வேகத்தைக் குறைத்தார். பின்னால் இருந்தவரும் குறைத்தார். இன்னும் குறைத்தார். ஒரு புல்லுக்கட்டுக்காரி அவர்களை நடந்தே கடந்து போனாள். ஓரங்கட்டி, ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய் ஒன்றுக்கிருப்பது போல் நின்றார். எட்டிப் பார்த்தால், கொஞ்சம் தள்ளி சிலுவைதாசன் வண்டியை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கோலப்பன் அரை கிலோமீட்டர் போய் மறுபடி நிறுத்தினார். அவரும் நிறுத்தினார். மூன்றாவது தடவை சிலுவைதாசன் வாயைத் திறந்தார்.

"அண்ணனுக்கு சுகரு உண்டுமோ?"

"இல்ல."

"உண்டுன்னா உண்டுன்னு சொல்லணும். எழுதி வச்சுக்கிடலாம்."

எழுதி வைத்துக்கொள்கிறானாம்! யாருக்கு? சந்தேகமே இல்லை. ராஜகுமார் ஆள் வைத்திருக்கிறான். அல்லது சத்தியராஜ். அல்லது இரண்டு பேரும் சேர்ந்து. கோலப்பன் தன் வீட்டாரை இதுவரை குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக உணர்ந்தார். ஒருவிதத்தில் பெருமையாகவும் இருந்தது. தன்னைக் கண்காணிக்க மாவட்டத்தில் ஒரு ஏற்பாடு நடந்திருக்கிறது.

முன்னால் குழிகளைக் காட்டுவதற்காகக் கீழே இறங்கிய ஜெஃப்ரினின் இடது கை குலசேகரம் வரை மேலே ஏறவே இல்லை. அவனுக்குப் பின்னால் ஐந்து இடது கைகள் தொங்கின. பார்த்தவர்கள் ஏதோ துக்க ஊர்வலம் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

குலசேகரத்தில் காலைச் சாப்பாடு. புட்டும் கடலையும். ரப்பர் ஷீட் காயும் வாடையில் உட்கார்ந்து, கோலப்பன் விசாரணையைத் தொடங்கினார்.

"ஒமக்கு கத்தார்ல ஆளு உண்டுமா?"

"உண்டு" என்றார் சிலுவைதாசன்.

கோலப்பன் கையிலிருந்த புட்டு உதிர்ந்தது. "எத்தன பேரு?"

"பதினாலு. மச்சினன்மாரு நாலு, பெறவு எங்க தெருக்காரனுவ."

"ராஜகுமார்னு ஆராவது?"

"ராஜகுமாரா? மூணு பேரு உண்டு. ஒங்களுக்கு எவன் வேணும்?"

எதிரில் அபினா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். மார்த்தாண்டத்தில் நர்ஸ், கூட்டத்திலேயே ஒழுங்காக வண்டி ஓட்டியவள். "அங்கிளு, பேசாம தின்னுங்க. மொகமெல்லாம் வெளறிக் கெடக்கு" என்றாள்.

சிலுவைதாசன் எழுந்து புல்லட்டின் பக்கத்தில் போய்க் குனிந்தார். திரும்பி வந்து நிதானமாகச் சொன்னார்:

"அண்ணே, ஒங்க மீட்டரு அனங்கல்லியே. காலத்த 1204. இப்பவும் 1204."

மேசையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கோலப்பன் தண்ணீர் குடித்தார். கூட்டுறவு சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவர் அவர்.

"அது புது மாடலாக்கும். மாவட்டத்துக்குள்ள ஓடாது. எல்ல தாண்டினாத்தான் ஓடும்."

"அப்பிடியா?" என்றார் சிலுவைதாசன். நோட்டை எடுத்து அதை வார்த்தை மாறாமல் எழுதினார். அப்புறம் போனை எடுத்துத் தட்டினார்.

திருவட்டாறு, அழகியமண்டபம் தாண்டி, திங்கள்நகர் சந்திப்பில் சத்தியராஜின் கடை போர்டைப் பார்த்ததும் கோலப்பன் தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை பூட்டியிருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. மணவாளக்குறிச்சியில் நிறுத்தி, ஜெஃப்ரின் கறுப்பு மணலைக் கையில் அள்ளி அதன் பெருமையைப் பேசினான். பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டு போன ஒரு அம்மாள், "இவனுவ மண்ணு பாக்கவா பெட்ரோலு ஊத்தி வந்தானுவ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அங்கேதான் கோலப்பனுக்கு யோசனை வந்தது. கடைசி ஆள் பின்னால்தான் வர வேண்டும், அது சட்டம். அப்படியானால் தப்பிக்கிற வழி ஒன்றே ஒன்று.

கிளம்பிய இரண்டாவது நிமிடம் அவர் அபினாவைத் தாண்டினார். அடுத்து மூன்று பேரை. கடைசியில், யாரும் தாண்டக் கூடாத ஜெஃப்ரினையும் தாண்டினார். ஜெஃப்ரின் கை காட்டினான். அது குழியா, கோபமா என்று அவர் பார்க்கவில்லை. வலது பக்கம் கடல். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கறுப்புக் கண்ணாடிக்காரர் இல்லை. வண்டி படபடவென்று போனது. முட்டம் வரை அந்தப் பதினைந்து நிமிடம், புல்லட்டும் சாலையும் அவருடையவை. ஒரு திருப்பத்தில் சின்னதாக விசிலும் அடித்தார்.

முட்டம் கலங்கரை விளக்கத்தின் கீழே அவர் காத்திருந்தபோது மற்றவர்கள் வந்தார்கள். ஜெஃப்ரின் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினான்: "என்ன அங்கிள் நீங்க? லீடர ஓவர்டேக் செய்யப்பிடாதுன்னு எத்தன மட்டம் சொன்னேன்?" கோலப்பன் அவனைப் பொருட்படுத்தவில்லை. நேராக சிலுவைதாசனிடம் போனார்.

"ஓய், இனி மறைக்காண்டாம். ஒம்ம ஆரு அனுப்பினது? ஆருக்குப் போட்டோ அனுப்புதீரு?"

சிலுவைதாசன் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். சாதாரணமான, கொஞ்சம் களைத்த கண்கள்.

"நீங்க எழுதித் தந்த ஆளுக்குத்தான் அண்ணே."

"நானா?"

சிலுவைதாசன் பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். கடைசிக் கட்டம்: அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் பத்திரம் என்று படத்தோடு வாட்ஸப்பில் அவருக்குத் தெரிவிப்பது கம்பெனி வழக்கம். கட்டத்தில், கோலப்பனின் அழகான எழுத்தில், 974 என்று தொடங்கும் கத்தார் நம்பர்.

கேஸ் இணைப்பு, பள்ளிக்கூடச் சேர்க்கை, பேங்க் கணக்கு எதுவானாலும் உறவினர் என்ற கட்டத்தில் கல்ஃப் நம்பரை எழுதுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அந்தப் பக்கத்தில் பல வீட்டு வழக்கமும் அதுதான். வெளிநாட்டு நம்பரைப் பார்த்தால் கவுண்டரில் இருப்பவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். பத்து வருடமாக எழுதி எழுதி அந்த நம்பர் கோலப்பனின் விரலில் இருந்தது. தலையைக் கேட்காமலே விரல் எழுதிவிட்டது.

"இப்பம் அவரு ஒரு வாய்ஸ் போட்டிருக்காரு. ஒங்களுக்காக்கும்" என்று சிலுவைதாசன் போனை நீட்டி அழுத்தினார். கடல் காற்றையும் மீறி ராஜகுமாரின் குரல் ஏழு பேருக்கும் கேட்டது.

"அத்தான், காலத்த பூதப்பாண்டிப் போட்டோ வந்தப்பம் சந்தோஷமாத்தான் இருந்துது. துணியப் போத்திக்கிட்டுக் கெடக்க வண்டிய அத்தானாவது ஓட்டட்டுன்னுதான் நெனச்சேன். ரூமுல உள்ளவனுவளுக்கு எல்லாம் காட்டினேன், எங்க அத்தானப் பாருங்கலேன்னு. பெறவு மீட்டரப் பாத்தேன். மாவட்டம் தாண்டினாத்தான் ஓடுமாமே? நான் மெக்கானிக்காக்கும் அத்தான். கேக்காம எடுத்தது போவட்டு. கேபிளக் களத்தினது எதுக்கு? ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எடுங்கன்னு சொல்லியிருப்பேனே." கடைசியில் இதையும் சேர்த்துச் சொன்னான்: "சாவிய சத்தியராஜ் அத்தான்ட்ட குடுத்துருங்க."

அபினா கடலைப் பார்த்தாள். ஜெஃப்ரினுக்குத் திட்ட வேண்டியது பாதியில் மறந்துபோனது. "எல்லாரும் வாங்க, குரூப் போட்டோ" என்றான். கட்டைவிரலை உயர்த்தி எடுத்த அந்தப் படத்தில் கோலப்பனும் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார். அடுத்த வருட நோட்டீஸில் அதைத்தான் போட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவர் பஸ் ஏறித் திங்கள்நகர் போனார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கடை மேசைமேல் வைத்தார். சத்தியராஜ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டீ வரவழைத்து, வண்டியை டெம்போவில் ஏற்றி வர ஏற்பாடு செய்தார்.

சத்தியராஜுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது.